ஜெட்டாக மாறும் தேர்ட் பார்ட்டி ரோபோ: வாங்கும் முன்னும் கைக்கு வந்த பின்னும் எழும் கேள்விகள்

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனில் வரும், எஃப்-15 போர் விமானமாக மாறும் ஸ்டார்ஸ்கிரீமின் பொம்மை ரோபோ ஒன்று என் மேசையில் எப்போதும் நிற்கிறது. அதைப் பார்க்கும் நண்பர்களும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்களும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

தேர்ட் பார்ட்டின்னா டூப்ளிகேட் தானே? அப்புறம் ஏன் இவ்ளோ விலை?

டூப்ளிகேட் வேறு, இது வேறு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளை அதிகாரபூர்வமாக வெளியிடுவது அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் ஜப்பானின் டக்காரா டோமியும். அவர்களிடம் உரிமம் வாங்காமல், அந்தப் பாத்திரத்தின் சாயலில் சொந்தமாக வடிவமைத்து, சொந்தமாக அச்சு வெட்டி வெளியிடும் நிறுவனங்களைத்தான் தேர்ட் பார்ட்டி என்கிறோம். மேக்டாய்ஸ், ஃபேன்ஸ்டாய்ஸ், எக்ஸ்-டிரான்ஸ்பாட்ஸ், நியூஏஜ் எல்லாம் இந்த வகை. 2008 வாக்கில் ஃபேன்ஸ்புராஜெக்ட் வெளியிட்ட 'சிட்டி கமாண்டர்' இந்த வழியில் ஆரம்ப காலத்துப் பெயர். அது முழு ரோபோ கூட இல்லை, அதிகாரபூர்வ பொம்மை ஒன்றின் மேல் மாட்டும் கவசத் தொகுப்பு. அங்கிருந்து வளர்ந்து, முழு ரோபோக்களையே செய்யும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

சேகரிப்பவர்கள் டூப்ளிகேட் என்று சொல்வது 'கேஓ'வை. இன்னொருவர் செய்த பொம்மையை அப்படியே பார்த்து அச்சு எடுத்து மலிவாக விற்பது அது. அதைப் பற்றித் தனியாகக் கீழே இருக்கிறது. விலைக்கு வருவோம். உலோக அச்சு வெட்டும் செலவு பெரியது. லட்சக்கணக்கில் விற்கும் பொம்மையில் அந்தச் செலவு கரைந்துவிடும். சேகரிப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சமாகச் செய்யும் பொம்மையில் அது ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் விழுகிறது. உரிமம் இல்லாத பொருள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது மனதுக்கு உறுத்தினால் அதிகாரபூர்வ வரிசையிலேயே நல்ல ஜெட்டுகள் உண்டு.

பெட்டியில ஸ்டார்ஸ்கிரீம்னு எங்கயுமே இல்லையே? தப்பான பொம்மை வந்துடுச்சா?

தப்பில்லை. உரிமம் இல்லாததால் பாத்திரத்தின் பெயரையோ அது சேர்ந்த அணியின் சின்னத்தையோ போட மாட்டார்கள். மேக்டாய்ஸ் தன் ஸ்டார்ஸ்கிரீமை 'மீட்டியர்' என்றும், அதே அச்சில் வந்த மற்ற இரண்டு ஜெட் பாத்திரங்களில் ஸ்கைவார்ப்பை 'ஸ்கைக்ரோ' என்றும், தண்டர்கிராக்கரை 'லைட்னிங்' என்றும் விற்றது. ஃபேன்ஸ்டாய்ஸின் 'ஃபீனிக்ஸ்' என்பது ஸ்கைஃபயர் என்னும் இன்னொரு ஜெட் பாத்திரம். தேடும்போது பாத்திரத்தின் பெயரைவிட நிறுவனம் கொடுத்த பெயரையும் குறியீட்டு எண்ணையும் போட்டுத் தேடுங்கள். மீட்டியரின் எண் எம்டிஆர்எம்-11. இறக்கையில் ஸ்டார்ஸ்கிரீமின் அணியான டிசெப்டிகானின் சின்னம் வேண்டுமென்றால் ஸ்டிக்கர் தனியாக வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜெட்டுக்கு மட்டும் ஏன் தனியா இவ்ளோ பேச்சு? காரா மாறுறதும் இதுவும் ஒண்ணுதானே?

கார் ஒரு பெட்டி. ரோபோவின் கை, கால், தலை எல்லாவற்றையும் மடித்து அந்தப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். ஜெட் அப்படி இல்லை. எஃப்-15 தட்டையாக விரிந்த உடம்பு. இறக்கை மெல்லிய தகடு, மூக்கு கூர்மை, உள்ளே ஒளிக்க இடமே கிடையாது. பருமனான இரண்டு கைகளும் ஒரு தலையும் எங்காவது போயாக வேண்டும். பெரும்பாலும் அவை விமானத்தின் வயிற்றுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் விமானம், பக்கவாட்டில் பார்த்தால் விமானத்தின் அடியில் ஒரு ரோபோ குப்புறப் படுத்திருக்கும்.

இந்தச் சிக்கல் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 1984ல் அமெரிக்காவில் வந்தபோது அதிலிருந்த ஸ்டார்ஸ்கிரீம் புதிய பொம்மை இல்லை. டக்காராவின் டயாக்ளோன் வரிசையில் ஏற்கெனவே இருந்த எஃப்-15 ரோபோவின் அச்சுதான். அதில் முஷ்டி, இறக்கை, வால், ஏவுகணை எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாட்டுகிறவை. கழற்றாமல், வயிற்றில் எதையும் தொங்கவிடாமல், ரோபோவையும் கெடுக்காமல் எப்படி மாற்றுவது என்பதைத்தான் நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தீர்க்கப் பார்க்கிறார். அதனால்தான் ஒரு நிறுவனத்தின் திறமையைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் ஜெட்டை எடுங்கள் என்று நான் சொல்வது.

மாஸ்டர்பீஸ் அளவுன்னு போடறாங்களே, அது எத்தனை சென்டிமீட்டர்?

நிலையான சென்டிமீட்டர் கணக்கு கிடையாது. டக்காரா 2003ல் கான்வாய் என்ற ஆப்டிமஸ் பிரைமை வெளியிட்டு மாஸ்டர்பீஸ் வரிசையைத் தொடங்கியது. 2011ல் அதே பாத்திரத்துக்குப் புதிதாக வந்த எம்பி-10 அளவில் சிறியது. அதன் பிறகு மற்ற பாத்திரங்களை அதன் பக்கத்தில் நிறுத்தினால் உயரம் பொருந்த வேண்டும் என்ற பழக்கம் வந்தது. தேர்ட் பார்ட்டிகள் 'மாஸ்டர்பீஸ் அளவு' என்றால் அந்த அலமாரியில் இது பொருந்தும் என்று பொருள். இன்னொரு பக்கம் கையடக்கமான 'லெஜண்ட்ஸ்' அளவு இருக்கிறது. நியூஏஜ் அதில்தான் பெயர் எடுத்தது.

இங்கே ரோபோவின் உயரம்தான் கணக்கு, வாகனத்தின் அளவு இல்லை. நிஜ எஃப்-15 19.43 மீட்டர் நீளம். பம்பிள்பீ என்ற பாத்திரம் மாறும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் சுமார் 4 மீட்டர். ஐந்து பீட்டிலை வரிசையாக நிறுத்தினால் ஒரு எஃப்-15. அலமாரியில் இரண்டையும் வாகன வடிவில் பக்கத்தில் வைத்தால் இந்த விகிதம் வரவே வராது. அதை ஒரு குறையாக எந்த நிறுவனத்தின் மேலும் சுமத்த முடியாது.

ஜெட் மோடு நல்லா இருக்கான்னு எப்படி சொல்றது? எனக்கு எல்லா விமானமும் ஒரே மாதிரிதான் தெரியுது.

ஒரு அளவுநாடா போதும். எஃப்-15ன் இறக்கை விரிப்பு 13.05 மீட்டர். நீளத்தை இதால் வகுத்தால் கிட்டத்தட்ட 1.5 வரும். பொம்மையின் மூக்கு நுனியிலிருந்து வால் வரை அளந்து, இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து வகுத்துப் பாருங்கள். 1.4க்கும் 1.6க்கும் நடுவில் இருந்தால் உடல்வாகு சரி. 1.3க்குக் கீழே போனால் விமானம் குட்டையாக, தவளை மாதிரித் தெரியும். அளவு பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. 1/72 அளவென்றால் நீளம் 27 சென்டிமீட்டர், விரிப்பு 18. 1/100 என்றால் 19.4, 13. விகிதம் மாறாது. கடையிலோ கண்காட்சியிலோ அளவுநாடா இல்லாவிட்டால், நேர் மேலிருந்து எடுத்த படத்தை போனில் வைத்து ஸ்கேலால் அளந்தாலும் விகிதம் தெரிந்துவிடும்.

அடுத்தது பக்கவாட்டு. விமானத்தைக் கண் உயரத்துக்குத் தூக்கி, இறக்கையின் கோடு நேராக வரும்படி பிடியுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு உடம்பு, கீழே எவ்வளவு உடம்பு என்று பாருங்கள். நிஜ விமானத்தில் காற்று உள்வாங்கும் வாய்கள் இறக்கைக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், அதற்கு மேல் தொங்காது. பொம்மையில் அந்த வாய்களையும் தாண்டி இன்னொரு வாய் அளவுக்குக் கைகள் தொங்கினால் வடிவமைப்பாளர் அங்கே கைவிட்டுவிட்டார் என்று பொருள். கடைசியாக, முதுகில் விரல் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு ஓடுகிறதா என்று பாருங்கள். ரோபோவின் இரண்டு கால்கள் சேரும் இடம் அது, அதிகமாக விலகுவது அங்கேதான்.

ரோபோ மோடுல எதைப் பார்க்கணும்?

பின்பக்கம். எல்லோரும் முன்பக்கப் படத்தைத்தான் போடுவார்கள். நெஞ்சில் காக்பிட், தோளுக்கு மேல் இரண்டு காற்று வாய்கள், முதுகில் விரிந்த இறக்கை, கைகளில் பீரங்கி: இது எல்லா ஸ்டார்ஸ்கிரீமிலும் வந்துவிடும். விமானத்தின் நீண்ட மூக்கு எங்கே போனது, வால் இறக்கைகள் எங்கே போயின என்பதில்தான் வித்தியாசம். மூக்கு முதுகில் அப்படியே கிடந்தால் எடை பின்னுக்கு இழுக்கும். குதிகாலில் பின்னோக்கி நீளும் ஒரு தாங்கல் இருக்கிறதா, கணுக்கால் பக்கவாட்டில் சாய்கிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் இல்லாத ஜெட் ரோபோ அலமாரியிலிருந்து ஒரு நாள் விழும். விழுந்தால் முதலில் போவது மூக்கு நுனியோ இறக்கை நுனியோதான்.

கார்ட்டூன் மாதிரி இருக்கணுமா, நிஜ விமானம் மாதிரி இருக்கணுமா?

இரண்டையும் முழுதாகக் கேட்டால் கிடைக்காது. டக்காராவே இதில் இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறது. 2006ல் வந்த எம்பி-3 ஸ்டார்ஸ்கிரீமின் வடிவமைப்பில் மாக்ரோஸ் என்ற ஜப்பானிய அனிமே தொடரின் வால்கிரி விமானங்களை உருவாக்கிய ஷோஜி கவாமோரியின் பங்கு இருந்தது. அது விமானமாகப் பிரமாதம், நிறமும் ராணுவ விமானம் மாதிரிப் பச்சை கலந்த சாம்பல். ஆனால் ரோபோவின் இடுப்பில் விமானத்தின் துண்டுகள் தொங்கின, பலருக்கு அது பிடிக்கவில்லை. 2012ல் எம்பி-11 என்று அதையே திருத்தி, இடுப்பைச் சரிசெய்து, கார்ட்டூன் நிறத்தில் கொண்டுவந்தார்கள். பிறகு வந்த எம்பி-52 கார்ட்டூன் பக்கமே இன்னும் நெருங்கியது.

தேர்ட் பார்ட்டிகளும் இந்தக் கயிற்றில்தான் எங்காவது நிற்கின்றன. அதனால் வாங்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அலமாரியில் இதை எந்த வடிவில் வைக்கப்போகிறேன்? பத்தில் ஒன்பது பேர் ரோபோவாகத்தான் வைப்பார்கள். அவர்களுக்குக் கார்ட்டூன் பக்கம் சாய்ந்தது சரி. எனக்கு விமானம் பிடிக்கும். ஸ்டாண்டில் மூக்கைச் சற்றே தூக்கி வைத்து ஓரமாக விளக்கு போட்டுப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். அதனால் என் மதிப்பீட்டில் ஜெட் வடிவத்துக்குக் கூடுதல் எடை இருக்கும், படிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரப் போட்டோவை எவ்வளவு நம்பலாம்?

சாம்பல் நிறத்தில் ஒரே வண்ணமாக வரும் முதல் படங்களில் இருப்பது முன்மாதிரி. அதற்குப் பின் வண்ணம் பூசிய முன்மாதிரி வரும், அதில் பூச்சு கையால் செய்ததாக இருக்கலாம். அதன்பின் டெஸ்ட் ஷாட் என்னும் அச்சுப் பரிசோதனைப் பிரதி. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே போவது பல நேரம் இதுதான். நாம் காசு கொடுத்து வாங்குவது இந்த மூன்றும் இல்லை, அதற்குப் பிறகு தொழிற்சாலையில் ஓடும் பிரதி. மூட்டு இறுக்கம், பூச்சு இரண்டும் அங்கே மாறிவிடும்.

படத்தில் நம்பத்தக்கது விகிதமும் மாற்றும் முறையும். நம்பக்கூடாதது மூட்டும் நிறமும். வீடியோ பார்ப்பதென்றால் ஒருவர் வெட்டாமல் ஒரே ஓட்டமாக மாற்றிக் காட்டும் வீடியோவைத் தேடுங்கள். அவர் எங்கே நிறுத்தி இரண்டு கையாலும் அழுத்துகிறார் என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பெட்டி வந்துடுச்சு. முதல்ல என்ன செய்யணும்?

மாற்றாதீர்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் ஒரு காலத்தில் கேட்டதில்லை. முதலில் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஒவ்வொரு மூட்டாக வெளிச்சத்தில் பாருங்கள். பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிந்தால் அங்கே ஏற்கெனவே அழுத்தம் இருக்கிறது. உலோகப் பின் எங்காவது அரை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு இடது கை, இரண்டு வலது கால் என்று தப்பாக மாட்டி வருவதும் உண்டு, அதையும் எண்ணிவிடுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் மாற்றுப் பாகம் கேட்கும்போது பேச்சு சுருக்கமாக முடியும்.

என் ஜெட் ஒன்றுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியைத் திறந்து பத்து நிமிடத்தில் இடது தோளை மடக்கினேன். இறுக்கமாக இருந்தது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ராட்செட் என்னும் பற்சக்கர மூட்டின் சொடுக்கு என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தால், பின் நுழையும் வளையத்தில் முடி அளவு விரிசல். வலது தோளைக் கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அச்சில் ஊற்றும்போது விளிம்பில் தங்கிய மெல்லிய பிசிறு இடது பக்கத்தில் நீக்கப்படாமல் பின்னைக் கவ்விக்கொண்டிருந்தது. கத்தி நுனியால் சுரண்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. மாற்றுக் கை வந்து சேர இரண்டு மாதம் ஆனது.

அப்போ டைட்டான மூட்டை என்னதான் பண்றது?

முதலில் அது ராட்செட்டா, உராய்வு மூட்டா என்று கண்டுபிடியுங்கள். ராட்செட் என்றால் பற்சக்கரம், படிப்படியாக 'கிளிக் கிளிக்' என்று நகரும், அது பலமாகத்தான் இருக்கும். உராய்வு மூட்டு வழவழவென்று நகர வேண்டும். அது நகரவில்லை என்றால் ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டி மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையும் திசையில் மட்டும் தள்ளுங்கள், முறுக்காதீர்கள். மூட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. கையின் நுனியைப் பிடித்துத் தோளைத் திருப்புவதுதான் பாதி உடைப்புகளுக்குக் காரணம்.

அதற்கும் அசையாவிட்டால் சிலிக்கான் எண்ணெயோ கிரீஸோ ஒரு பொட்டு. தையல் மிஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். பெட்ரோலியம் கலந்தவை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை நாளடைவில் விரிசல் விடவைக்கும். கண்ணாடி போன்ற காக்பிட் மூடியின் பக்கம் எண்ணெயைக் கொண்டுபோகவே கூடாது. திருகைத் தளர்த்தலாம். திரும்ப முடுக்கும்போது முதலில் எதிர்த் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரைக்குள் திருகு 'தொப்' என்று இறங்குவது விரலுக்குத் தெரியும், அங்கிருந்து முடுக்குங்கள். பின்னைத் தட்டி எடுக்க வேண்டி வந்தால் இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு முனையில் வரி வரியாகக் கீறல் இருக்கும். வழவழப்பான முனையிலிருந்து தட்டி, கீறல் உள்ள முனை வெளியே வரும்படி எடுக்க வேண்டும். மாற்றித் தட்டினால் துளையே விரிந்துவிடும்.

லூஸா இருந்தா?

இறுக்கமாக இருப்பதைவிட இது எத்தனையோ மேல். ராட்செட் அல்லாத மூட்டில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். காயும் முன் மாட்டினால் ஒட்டிக்கொள்ளும். நகப்பூச்சின் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பதால் கொஞ்சம்தான், தெரியாத இடத்தில்தான்.

எடை அதிகமா இருந்தா தரம்னு சொல்றாங்களே?

டை-காஸ்ட் என்னும் துத்தநாகக் கலவை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைப் போல ஆறு மடங்கு அடர்த்தி. பாதத்திலும் கணுக்காலிலும் வைத்தால் ரோபோ கல் மாதிரி நிற்கும். முதுகிலும் இறக்கையிலும் வைத்தால் அதே உலோகம் இடுப்பு மூட்டை மாதக்கணக்கில் பின்னுக்கு இழுத்துத் தளர்த்திவிடும். உலோகத்தில் பூசிய பெயிண்ட் பிளாஸ்டிக்கைவிட எளிதாகப் பெயரும். அதனால் எவ்வளவு எடை என்று கேட்பதை விட்டுவிட்டு, எடை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

மாத்த நாப்பது நிமிஷம் ஆகுது. எனக்குத்தான் வரலையா?

முதல் முறை நாற்பது நிமிடம் சகஜம். மேனுவலில் படம் சிறிதாக இருக்கும், எழுத்து குறைவு. ஒரு பொம்மையை முதல் முறை மாற்றியதை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை. மூன்றாவது முறைதான் என் கணக்கு. முதல் முறை நாம் வழி தேடுகிறோம். இரண்டாவது முறை ஞாபகத்திலிருந்து செய்கிறோம். மூன்றாவது முறையும் ஒரு தகடு இன்னொன்றில் இடித்து நின்றால், மேனுவலைத் திறக்காமல் அடுத்த படி தெரியாவிட்டால், அது உங்கள் தவறு இல்லை, வடிவமைப்பின் குறை.

நல்ல வடிவமைப்பில் கை தானாக அடுத்த இடத்துக்குப் போகும். காலை மடித்தால் வால் எங்கே போக வேண்டும் என்று அதுவே காட்டும். எல்லாம் சேர்ந்து பூட்டும்போது ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகு விமானத்தைத் தலைகீழாக ஆட்டினாலும் எதுவும் அவிழாது. மூன்றாம் முறைக்குப் பிறகும் மாற்ற ஆசை வருகிற பொம்மைதான் எனக்கு நல்ல பொம்மை. ரோபோவாக ஒரு தடவை நிறுத்திவிட்டு மறுபடி தொட பயமாக இருக்கிறது என்றால், முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். உருமாறுவதற்காகத்தானே இதை வாங்கினோம்.

பாகத்தைக் கழட்டி மாட்டுற மாதிரி இருந்தா அது ஏமாத்து வேலைதானே?

பாகம் எது என்பதைப் பொறுத்தது. ஏவுகணையும் பீரங்கியும் கழன்று வந்தால் எனக்குக் குறையே இல்லை, நிஜ விமானத்திலும் அவை மாட்டிக் கழற்றுகிறவைதானே. மேலே சொன்ன 1984 பொம்மையில் முஷ்டியே கழன்று வந்தது, யாரும் அதைக் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் இந்த விலையில் இன்று ஒருவர் மூக்கைக் கழற்றி வேறு மூக்கு மாட்டச் சொன்னால், நான் அதை விளம்பரத்தில் முன்பே சொல்லியிருக்கிறாரா என்று பார்ப்பேன். முகம் மாற்றிக்கொள்வது, கை விரல் மாற்றிக்கொள்வது எல்லாம் கூடுதல் வசதி, அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

பெயிண்ட் ரெண்டு தடவை மாத்தினதுமே உரியுது. எல்லாமே இப்படித்தானா?

எங்கே உரிகிறது என்று பாருங்கள். இரண்டு பூசிய பரப்புகள் ஒன்றோடொன்று உரசும் இடமென்றால் அது உரிந்தே தீரும், இடைவெளி விடாத வடிவமைப்பாளரின் பிழை. ஜெட்டில் வழக்கமான இடம் நெஞ்சு: மூக்கு மடங்கி உள்ளே போகும்போது காக்பிட்டின் ஓரம் நெஞ்சுத் தகட்டைத் தேய்க்கும். முதல் முறை மாற்றும்போதே அங்கே மெல்லிய காகிதத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். காகிதம் சிக்கினால், இனி அந்தப் படியில் தகட்டை ஒரு விரலால் சற்று விலக்கிப் பிடித்தே மாற்றுங்கள்.

உரசாத இடத்திலும் நகம் பட்டால் பெயர்ந்தால் பூச்சே சரியில்லை. வண்ணப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்து, விவரங்களுக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பது நீடித்து உழைக்கும். படத்தில் கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தாலும் எனக்கு அதுதான் பிடிக்கும்.

வெள்ளை ஜெட் மஞ்சளாயிடும்னு பயமா இருக்கு.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1985ல் வந்த ஜெட்ஃபயர் வெள்ளை நிறம். மாக்ரோஸ் தொடருக்காக டக்காடோக்கு என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த வால்கிரி அச்சில் வந்தது அது. இன்று பழைய பிரதிகளில் தூய வெள்ளையாக இருப்பது அபூர்வம், பல பிரதிகள் டீ கறை படிந்த மாதிரி ஆகிவிட்டன. அச்சு வேறொருவருடையது என்பதால் கார்ட்டூனில் அந்தப் பாத்திரத்தின் பெயரையும் உருவத்தையும் மாற்றி ஸ்கைஃபயர் ஆக்கினார்கள். இப்போதைய தேர்ட் பார்ட்டிகள் பலவும் அந்தக் கார்ட்டூன் உருவத்தையே பின்பற்றுகின்றன.

வெயில் நேராகப் படாத இடம், சூடில்லாத அலமாரி, இவ்வளவுதான் நம்மால் முடிந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா வெளிச்சமும் வைத்து வெளுக்கும் முறை இருக்கிறது. சில மாதங்களில் மஞ்சள் திரும்பி வரலாம், பூச்சு போட்ட பாகத்துக்கு ஆகாது.

ப்ரீ-ஆர்டர் போடலாமா, ரெண்டாவது பேட்சுக்குக் காத்திருக்கலாமா?

காத்திருங்கள். முதல் பேட்சில் வாங்குபவர்கள்தான் உண்மையான பரிசோதகர்கள். அவர்கள் உடைத்த மூட்டு, புகார் சொன்ன பூச்சு எல்லாம் நேர்மையான நிறுவனமாக இருந்தால் அடுத்த ஓட்டத்தில் திருத்தப்படும். அதே அச்சில் வேறு நிறத்தில் வரும் பாத்திரங்களிலும் திருத்தம் தெரியும். அடுத்த பேட்ச் வராமலே போகலாம் என்பது ஒரு ஆபத்துதான். கிடைக்காமல் போனால் மனம் ஆறாது என்கிற பாத்திரத்துக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள்.

மூணு ஜெட்டும் வாங்கணுமா? நிறம் மட்டும்தானே வேற?

ஆமாம், சாம்பல் ஸ்டார்ஸ்கிரீம், நீலத் தண்டர்கிராக்கர், கறுப்பும் ஊதாவும் கலந்த ஸ்கைவார்ப், 1984லிலிருந்தே ஒரே அச்சு. மூன்றும் வரிசையில் நிற்பது கண்கொள்ளாக் காட்சி, மறுக்க மாட்டேன். முதலில் ஒன்றை வாங்கி மூன்று முறை மாற்றிப் பாருங்கள். அதில் குறை இருந்தால் அதே குறை மூன்று மடங்காகத்தான் வரும். கறுப்பு நிறத்தில் வெள்ளை அழுத்தக் கோடுகள் பளிச்சென்று தெரியும் என்பதால் ஸ்கைவார்ப்பை நேரில் பார்த்து வாங்க முடிந்தால் நல்லது.

பாதி விலையில அதே மீட்டியர் கிடைக்குது. வாங்கலாமா?

முதல் பதிலில் சொன்ன கேஓவாக இருக்கும். பொம்மையைப் பார்த்து எடுத்த அச்சில் அளவுகள் நூலிழை மாறும். காரில் அது தெரியாது. ஜெட்டில் முப்பது தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று வந்து பூட்ட வேண்டும், நூலிழைகள் சேர்ந்து கடைசித் தகடு பூட்டாது. அளவைப் பெரிதாக்கிய கேஓ என்றால் எடை கூடியிருக்கும், மூட்டின் பலம் அதற்கேற்பக் கூடியிருக்காது. இன்னொருவர் மாதக்கணக்கில் யோசித்த வேலையை எடுத்து விற்பதும் எனக்கு ஒப்பவில்லை. 'நீங்கள் ஹாஸ்ப்ரோவின் பாத்திரத்தை எடுத்தவர்களை ஆதரிக்கிறீர்களே' என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. பாத்திரம் இரவல் என்றாலும் பொறியியல் அவர்களுடையது, நான் மதிப்பது அந்த உழைப்பை.

இந்தியாவுக்கு வரவழைச்சா கஸ்டம்ஸ்ல எவ்வளவு ஆகும்?

பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60க்கும், 2023ல் 70க்கும் ஏறியது. தனிநபர் பார்சலுக்கு வேறு தலைப்பில் வரி போடுவதும் உண்டு, விகிதங்களும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். ஆர்டர் போடும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இந்த ரோபோக்களின் பெட்டியில் 15 வயதுக்கு மேல் என்று அச்சிட்டிருப்பது வழக்கம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, பில்லோடு வைத்திருங்கள். பொம்மை விலை, அனுப்பும் செலவு, வரி மூன்றையும் கூட்டிய பிறகும் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா எதைக் கேட்டு வாங்கணும்?

நான்கு படங்கள் கேளுங்கள்: ஜெட்டின் நேர் மேல், ஜெட்டின் பக்கவாடு, ரோபோவின் முதுகு, இரண்டு தோள்களின் உள்பக்கம் நெருக்கத்தில். பிறகு எத்தனை முறை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். 'ஒரு முறை கூட மாற்றவில்லை, புத்தம் புதுசு' என்றால் விலை ஏறும், ஆனால் மூட்டு எப்படி என்று அவருக்கே தெரியாது. 'பத்துப் பன்னிரண்டு தடவை மாற்றியிருப்பேன், இடது இடுப்பு மட்டும் கொஞ்சம் லூஸ்' என்று சொல்கிறவரிடம் நான் பேரம் பேசாமல் வாங்கியிருக்கிறேன். சூப்பர் க்ளூ போட்டிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். மூட்டுகளுக்குப் பயன்படும் பிஓஎம் பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது. ஒட்டியிருக்கிறேன் என்று சொன்னால் அந்தக் கை கழன்று வரப்போகிறது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.